ரோட்டரி, லயன்ஸ் மேடையில் விவசாயியும் பேசலாம்!

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று மாவட்டத்தின் எந்த ஊருக்குப் போனாலும் நுழைவாயிலில் ரோட்டரி சங்கத்தின் பல்சக்கரத்தையோ, லயன்ஸ் சங்கத்தின் சிங்கமுக முத்திரையையோ பார்க்கலாம். பேருந்து நிழற்குடை, பள்ளிக்கூட நாற்காலி, சுடுகாட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று பல இடங்களிலும் இந்தச் சங்கங்களின் பெயர் எழுதியிருக்கும். ஆனால், அந்தப் பெயருக்குப் பின்னால் மாதந்தோறும் ஒரு கூட்டம் நடக்கிறது, அதில் வெளியாள் ஒருவரை அழைத்து வந்து பேசச் சொல்கிறார்கள், அந்தப் பேச்சிலிருந்துதான் பல நேரங்களில் அடுத்த திட்டம் பிறக்கிறது என்பது கிராமத்தில் பலருக்கும் தெரியாது.

கூட்டத்தின் நடைமுறை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மாலையில் மணியடித்துத் தொடங்குவார்கள். செயலாளர் அறிக்கை வாசிப்பார். சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்வார்கள். அவர் 20 நிமிடமோ அரைமணி நேரமோ பேசுவார். பிறகு கேள்வி, நன்றியுரை, நினைவுப் பரிசு, சாப்பாடு. ரோட்டரியில் வாரம் ஒரு கூட்டம் என்பது பழைய மரபு. 2016-ல் விதியைத் தளர்த்தி, மாதம் 2 கூட்டமாவது நடத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு சங்கத்துக்கு ஆண்டுக்கு 24 பேச்சாளராவது தேவை. மருத்துவர், வங்கி மேலாளர், வரி ஆலோசகர், யோகா ஆசிரியர் என்று வருகிறார்கள். கண்மாய்ப் பாசன விவசாயி வருவது அபூர்வம். அவர் வரக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதே காரணம்.

ஒரு பேச்சு செய்த வேலை

சிறப்பு விருந்தினர் பேச்சு என்றால் வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். லயன்ஸ் சங்கம் 1917-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் தொடங்கியது. 1925 ஜூன் 30-ம் தேதி ஒஹையோ மாநிலத்தில் நடந்த அதன் மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் ஹெலன் கெல்லர். பார்வையும் செவியும் இழந்தவர். பார்வையிழந்தோருக்காக உழைக்க வாருங்கள் என்று அந்த மேடையில் அவர் கேட்டுக்கொண்டார். சங்கமும் அதை ஏற்றது. இன்று நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் லயன்ஸ் சங்கம் நடத்தும் கண் சிகிச்சை முகாமின் வேர், நூறாண்டுக்கு முன் ஒரு விருந்தினர் பேசிய பேச்சில் இருக்கிறது.

அந்த முகாமின் இன்னொரு வேர் நம் கரிசல் காட்டில் இருக்கிறது. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவை சிகிச்சை செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராம முகாம்களை அவர் அமைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். டாக்டர், கருவி, அறுவை சிகிச்சை எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுவது, உள்ளூர்ச் செலவு எல்லாம் முகாமை ஏற்று நடத்தும் உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. ரோட்டரியும் லயன்ஸும் அந்த இரண்டாம் பாதியைச் செய்தன. யார் எதைச் செய்வது என்று தெளிவாகப் பிரித்துக்கொண்டதால்தான் ஆண்டுக்கணக்கில் முகாம்கள் நிற்காமல் நடக்கின்றன.

போலியோவும் இப்படித்தான். 1980-களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர் டி. ஜேக்கப் ஜான், ஊரில் உள்ள குழந்தைகள் அனைவருக்கும் குறிப்பிட்ட நாளில் ஒன்றாகச் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை வேலூரில் நடத்திக் காட்டினார். உள்ளூர் ரோட்டரி துணை நின்றது. 1985-ல் போலியோ ஒழிப்பை ரோட்டரி உலக அளவில் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. 1995-ல் இந்தியா முழுவதும் அந்த முகாம்கள் தொடங்கின. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டதே நாட்டின் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத பகுதியாகச் சான்று கிடைத்தது. ஒரே வேலையை ஏறத்தாழ 30 ஆண்டு விடாமல் செய்ததால் வந்த பலன் இது. ஓராண்டுத் திட்டமாக இருந்திருந்தால் நடந்திருக்காது.

நம் மண்ணில் மகமை

சங்கம் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கலாம். ஆனால், கூட்டாகச் சேர்ந்து பொதுக்காரியம் செய்யும் பழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, சாத்தூர்ப் பேட்டைகளில் வணிகர்கள் மகமை எடுத்தார்கள். வண்டிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரத்திலிருந்து ஒரு சிறு பங்கு பொதுநிதிக்குப் போகும். விருதுநகரில் 1885-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்த பள்ளிதான். காமராஜர் படித்த பள்ளியும் அதுவே.

இதில் விவசாயி கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மகமை எடுக்கப்பட்ட மூட்டையில் இருந்தது பருத்தி, மிளகாய் வத்தல், மல்லி, பயறு. அதாவது நம் மானாவாரிக் காட்டில் விளைந்த வெள்ளாமை. ஊர்ப் பொதுநிதிக்குக் காடும் பங்கு கொடுத்திருக்கிறது. ஆகவே இன்று ஒரு சங்கத்தின் கூட்டத்துக்குப் போய்க் கண்மாய்க்காகப் பேசுவதைக் கையேந்துவதாக எண்ணிக் கூச்சப்படத் தேவையில்லை.

பேட்டையில் விற்கும் பருப்பும் எண்ணெய் வித்தும் வத்தலும் காட்டிலிருந்துதான் வருகின்றன. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பலர் மழைக்காலத்தில் விதைப்பவர்கள், களை எடுப்பவர்கள். கண்மாய் நிரம்பினால் ஊர்க் கிணறு ஊறும். வீட்டில் ஒருவருக்குக் காடு சோறு போட்டால், இன்னொருவரின் ஆலைக் கூலி மிஞ்சும். நகரத்துச் சங்கத்துக்கும் கிராமத்துக் கண்மாய்க்கும் உள்ள உறவு இதுதான்.

எங்கே தவறுகிறது?

நல்ல எண்ணத்தோடு தொடங்கும் பல திட்டங்கள் காட்டில் வந்து தோற்பதற்கு 3 காரணங்கள் உண்டு.

முதலாவது, பருவம் தெரியாமை. ரோட்டரி, லயன்ஸ் இரண்டுக்கும் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். புதிய தலைவர் ஜூலையில் பதவி ஏற்றதும் முதல் வேலையாக மரக்கன்று நடுவது வழக்கம். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்திலும் நடுவார்கள். ஆனால் நம் மாவட்டத்துக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மழையே 800 மில்லி மீட்டரை ஒட்டித்தான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக வருகிறது. ஆனி, ஆடியில் வெயிலும் காற்றும்தான். அப்போது நட்ட கன்றுக்கு வாரம் இருமுறை குடம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டால் புரட்டாசிக்குள் காய்ந்துவிடும். அதே கன்றை முதல் நல்ல மழைக்குப் பின் நட்டால் 2 மாதம் மழையே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, பாதி வேலை. சீமைக் கருவேலத்தை அகற்ற 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது பல அமைப்புகள் களம் இறங்கின. மரத்தை மேலோடு வெட்டிய இடங்களில் தூரிலிருந்து மறுபடியும் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்த்தது. வேரோடு பிடுங்கி, மறு ஆண்டும் முளைக்கும் நாற்றுகளை எடுத்தால்தான் கண்மாய் மிஞ்சும். இரண்டாம் ஆண்டுச் செலவை யார் ஏற்பது என்று முதல் ஆண்டிலேயே பேசியிருக்க வேண்டும்.

மூன்றாவது, தலைவர் மாறுவது. ஒவ்வோர் ஆண்டும் புதிய தலைவர், புதிய செயலாளர், புதிய முழக்கம். மே மாதம் ஒப்புக்கொண்ட வேலை ஜூலையில் மறந்துபோகும். இதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, அந்த நாள்காட்டியைத் தெரிந்துகொண்டு நாம் போவது நல்லது.

எந்த மாதம் போய்க் கேட்பது?

சங்கத்தின் அடுத்த ஆண்டுத் தலைவர் முன்னதாகவே தேர்வாகிவிடுகிறார். ஜூலைக்கு முந்தைய மாதங்களில் அவர் தன் ஆண்டுக்கான திட்டங்களை எழுதிக்கொண்டிருப்பார். நம் பருவத்தோடு அதைப் பொருத்தினால் வரிசை இப்படி அமையும்.

பங்குனி, சித்திரை: கண்மாய் வறண்டிருக்கும். வரத்துக்கால், மடை, கலுங்கு, கரை எல்லாவற்றையும் நடந்து பார்த்துக் குறை எழுதலாம். படம் எடுக்க இதுவே நேரம்.

வைகாசி: பதவி ஏற்கப்போகும் தலைவரைச் சந்தித்துப் பேச நேரம் கேட்கலாம். இதே மாதம் அனுமதி மனுவும் போட்டுவிட வேண்டும்.

ஆனி, ஆடி: புதிய நிர்வாகிகள் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆர்வத்தில் இருப்பார்கள். கூட்டத்தில் பேசி ஒப்புதல் வாங்கலாம்.

ஆவணி: இயந்திர வேலை முடிய வேண்டும். புரட்டாசிப் பட்டத்தில் விதைப்பு தொடங்கிவிட்டால் ஆளும் கிடைக்காது, டிராக்டரும் கிடைக்காது.

ஐப்பசி, கார்த்திகை: கரையில் பனை விதை, வேம்பு, புங்கன் நடலாம். தண்ணீர் வந்து சேர்கிறதா என்று சங்கத்தாரை அழைத்து வந்து காட்ட வேண்டும்.

தை, மாசி: கணக்கும் படமும் கொடுத்து, அடுத்த தலைவரின் காதில் இப்போதே போட்டு வைக்க வேண்டும்.

கண்மாய் மண் கணக்கு

கண்மாய் வேலையில் விவசாயியும் சங்கமும் செலவைப் பகிர்ந்துகொள்ள வசதியான இடம் வண்டல் மண்தான். விவசாயப் பயன்பாட்டுக்குக் கட்டணமின்றி வண்டல் எடுக்க அரசு அனுமதிக்கிறது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. டிராக்டர் நடைக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் நன்செய்க்கு 25 நடை, புன்செய்க்கு 30 நடை. முன்பு இதற்கு மாவட்ட நிர்வாகம் வரை போக வேண்டியிருந்தது. 2024-ல் நடைமுறையை எளிதாக்கி, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம் என்று ஆக்கினார்கள். இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். மண் எடுக்க அறிவிக்கப்பட்ட நீர்நிலைகளின் பட்டியலில் நம் கண்மாய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 ஏக்கர் புன்செய் வைத்திருக்கும் சில விவசாயிகள் சேர்ந்து முழு அளவும் எடுத்தால் 3,600 கன மீட்டர். டிராக்டருக்கு 1,200 நடை. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். எனவே கண்மாயில் கூடுதலாக 36 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்க இடம் கிடைக்கிறது. அள்ளிப் போடும் இயந்திர வாடகையைச் சங்கம் ஏற்று, டிராக்டர் வாடகையை விவசாயி ஏற்றால் இரண்டு தரப்புக்கும் பாரம் குறையும். ஒரே வேலையில் கண்மாயும் ஆழமாகிறது, காடும் வளமாகிறது.

இங்கே 2 எச்சரிக்கை. எல்லா நிலத்துக்கும் வண்டல் பொருந்தாது. செம்மண், மணற்பாங்கான நிலத்துக்கு வண்டல் நல்ல வரம். ஈரம் காக்கும், சத்தும் நிற்கும். ஏற்கெனவே களி மிகுந்த கரிசலில் மேலும் களியைக் கொட்டுவதால் பெரிய பயன் இல்லை. வண்டலில் உப்பும் காரத்தன்மையும் எவ்வளவு என்று பரிசோதித்த பிறகே காட்டில் போட வேண்டும்.

இன்னொன்று, கண்மாய் யாருடையது என்பது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் எந்தச் சங்கமும் இயந்திரத்தை இறக்கக் கூடாது. கரையின் அடிவாரத்தை ஒட்டி ஆழமாகத் தோண்டினால் கரையே சரியும். எங்கே, எவ்வளவு ஆழம் என்று பொறியாளர் குறித்துக் கொடுத்த அளவுக்கு மேல் போகக் கூடாது.

கண் முகாம் போல மண் முகாம்

கண் முகாமில் வெற்றி பெற்ற அதே பங்கீட்டை விவசாயத்துக்கும் கொண்டுவரலாம். சங்கம் ஊர் மந்தையில் பந்தல் போட்டு, முந்தைய வாரமே மண் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்லி, பைகளைக் கொடுத்து, சேர்ந்த மாதிரிகளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பட்டும். பரிசோதனையும் பரிந்துரையும் வேளாண் துறையின் வேலை. முடிவு வந்த பிறகு அதே மந்தையில் இரண்டாவது கூட்டம் போட்டு, ஒவ்வொருவருக்கும் அட்டையை வாசித்து விளக்க வேண்டும். கண் முகாமில் பரிசோதித்துவிட்டு அறுவை சிகிச்சை செய்யாமல் விட்டால் எப்படியோ, அப்படித்தான் மண் மாதிரி வாங்கிக்கொண்டு முடிவைச் சொல்லாமல் விடுவதும்.

பேச ஆள் தேடும் சங்கத்துக்கும் நம் பகுதியில் குறைவில்லை. அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பக்கத்தில் கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், கரிசல் மானாவாரிக்கென்றே உழைத்து வருகிறது. சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மழைக்கு முன்பே விதைக்கும் கடினப்படுத்துதல் முறை போன்ற செலவு குறைந்த உத்திகள் பல உண்டு. விஞ்ஞானி ஒருவரை நகர மண்டபத்தில் 40 உறுப்பினர்களுக்கு முன் பேச வைப்பதோடு நிறுத்தாமல், அந்தக் கூட்டத்தையே ஆவணி மாதத்தில் ஒரு கிராமத்துக்கு மாற்றினால் 200 விவசாயிகள் கேட்பார்கள். சங்கக் கூட்டம் மண்டபத்தில்தான் நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பட்டாசுப் பகுதிக் கிராமங்களுக்கு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் காட்டுக்கு அடுத்த வேலியே பட்டாசு ஆலையாக இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்கள் அல்ல. புகையைப் பார்த்து உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டாரத்தினர். முதல் வெடிப்போடு முடிந்தது என்று நினைத்து நெருங்கியவர்களை அடுத்த வெடிப்பு அடித்தது.

தொழிலாளர்களுக்கு ஆலைக்குள் பாதுகாப்புப் பயிற்சி தரப்படுகிறது. வேலிக்கு வெளியே களை எடுப்பவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் யார் சொல்வது? தீயணைப்பு அலுவலரையும் தீக்காய சிகிச்சை மருத்துவரையும் விருந்தினராக அழைத்து, ஊர் மந்தையில் ஒரு கூட்டம் நடத்துவது சேவைச் சங்கங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம். சொல்ல வேண்டியவை குறைவுதான்.

* வெடிச் சத்தம் கேட்டால் ஆலையை நோக்கி ஓடக் கூடாது. பிள்ளைகளையும் விடக் கூடாது. 101, 108 எண்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு, வண்டி வரும் பாதையை மறிக்காமல் விலகி நிற்க வேண்டும்.

* ஆலையை ஒட்டிய காட்டில் தட்டை, காய்ந்த புல், வெட்டிய கருவேல முள்ளைக் கொளுத்தக் கூடாது. வரப்பில் பீடி நெருப்பும் போடக் கூடாது. தட்டையை மட்க வைத்தால் காட்டுக்கே உரம்.

* ஆலையிலிருந்து வெளியே கொட்டப்பட்ட கழிவு மருந்தோ, வெடிக்காத பட்டாசோ காட்டில் கிடந்தால் கையால் தொடாமல், மண்வெட்டியால் தள்ளாமல், தகவல் கொடுக்க வேண்டும்.

* தீக்காயம் பட்டவருக்கு 20 நிமிடம் வரை சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். மை, மாவு, பற்பசை, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. பம்ப்செட் ஓடும் காட்டில் இந்த முதலுதவிக்குப் பஞ்சமே இல்லை. தெரிந்திருந்தால் போதும்.

மேடையில் என்ன பேசுவது?

பேச நேரம் கேட்பது எளிது. சங்கச் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். ஊர், கண்மாயின் பெயர், பேசப்போகும் பொருள், பேசுபவர் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிக் கொடுக்கலாம். 20 நிமிடம் கொடுத்தால் 10 நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதியைக் கேள்விக்கு விடுவது நல்லது. குறையை அழுது புலம்பாமல், கேட்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். மாதிரிக்கு ஒரு பேச்சு:

"ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர்க் கண்மாய்க்கு ஆயக்கட்டு 60 ஏக்கர். ஊராட்சி ஒன்றியக் கண்மாய். வரத்துக்கால் முக்கால் கிலோ மீட்டர் தூர்ந்துபோச்சு. மழை பெய்ஞ்சா தண்ணி கண்மாய்க்கு வராம ரோட்டோரப் பள்ளத்துல போகுது. இந்தப் படத்துல பாருங்க. அனுமதி கேட்டு மனுக் கொடுத்திருக்கோம், நகல் இது. இயந்திரம் 3 நாள் ஓடணும். முள்ளு வெட்டுறது, எடுத்த மண்ணைக் கரையில போட்டுச் சமப்படுத்துறது எங்க ஊர் பொறுப்பு. இயந்திர வாடகையை மட்டும் சங்கம் ஏத்துக்கணும். பணத்தை எங்க கையில தர வேண்டாம், இயந்திரக்காரருக்கே கொடுத்திருங்க. ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு நாள் நீங்க வந்து தண்ணியைப் பார்க்கணும். அடுத்த வருசம் வரத்துக்காலை நாங்களே செதுக்கி வச்சுக்கிறோம்."

இந்தப் பேச்சில் கண்மாய் யாருடையது, எவ்வளவு வேலை, ஊர் என்ன செய்யும், சங்கம் என்ன செய்ய வேண்டும், பிறகு யார் பராமரிப்பார் என்ற ஐந்துக்கும் பதில் இருக்கிறது. பணத்தைத் தொட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவதால் சந்தேகத்துக்கும் இடம் இல்லை. கூட்டத்தில் தலையாட்டிவிட்டுப் போய்விடாமல் இருக்க, இந்த ஐந்தையும் ஒரே தாளில் எழுதி, சங்கச் செயலாளரும் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஜூலையில் தலைவர் மாறும்போது அந்தத் தாள்தான் பேசும்.

ஊர்க் குழுவை நிலையாக வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. 1986-ல் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த எம்.ஏ.டி. கபாராஸ் ரோட்டரியின் உலகத் தலைவராக இருந்தபோது கிராமக் குழு என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். பின்னாளில் அது ரோட்டரி சமுதாயக் குழு என்று பெயர் மாறியது. சங்க உறுப்பினர் அல்லாத ஊர்க்காரர்களே சேர்ந்து, தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுத்து, ஊருக்கு என்ன தேவை என்பதைத் தாங்களே தீர்மானிப்பார்கள். ஒரு ரோட்டரி சங்கம் துணை நிற்கும். நகரத்துத் தலைவர் ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் கிராமத்துக் குழு மாறாது. கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கமோ, உழவர் உற்பத்தியாளர் குழுவோ ஏற்கெனவே உள்ள ஊர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

பெரிய வேலைக்குப் பெரிய பணம்

ஒரு சங்கத்தின் கைப்பணத்தில் வரத்துக்கால் தூர்வாரலாம், கண்மாய் முழுவதையும் சீரமைக்க முடியாது. அதற்கு 3 கதவுகள் உண்டு. முதலாவது, தமிழக அரசின் நமக்கு நாமே திட்டம். மக்கள் பங்குத் தொகை செலுத்தினால் அரசு மீதியைச் சேர்க்கும். அந்த மக்கள் பங்கைச் சேவைச் சங்கம் கட்டலாம். இரண்டாவது, 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு. ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாய் அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர மதிப்பு 500 கோடி உள்ள கம்பெனிகள், முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கூட்டு வணிகமாகவும் தனியுரிமையாகவும் நடக்கும் ஆலைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அந்த உரிமையாளர்கள்தான் சங்கக் கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது, ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியம். குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ள திட்டத்துக்கே கிடைக்கும். வெளிநாட்டுச் சங்கம் ஒன்று கூட்டாளியாக வேண்டும். ஊர் மக்களிடம் தேவையைக் கேட்டு எழுதிய அறிக்கையும் கட்டாயம். கவனியுங்கள், ஊரைக் கேட்காமல் அந்த மானியமே இல்லை.

விரிவாக்க அலுவலர்களின் பங்கு

வேளாண் துறையிலும் தோட்டக்கலைத் துறையிலும் உள்ள களப்பணியாளர்கள் நினைத்தால் இந்த இணைப்பு விரைவில் நடக்கும். தம் வட்டாரத்தில் எந்தச் சங்கம் எந்தக் கிழமை கூடுகிறது என்ற பட்டியலைக் கையில் வைத்திருக்கலாம். தாம் பேசப் போகும்போது கூடவே ஒரு விவசாயியையும் அழைத்துப் போய் 5 நிமிடம் பேச வைக்கலாம். மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரும் மனுக்களில், சிறு செலவில் முடியக்கூடிய மடைப் பலகை, கதிரடிக்கும் களம், கால்நடைத் தண்ணீர்த் தொட்டி போன்றவற்றைத் தனியே எடுத்துச் சங்கங்களின் பார்வைக்கு வைக்கலாம். அரசு செய்ய வேண்டிய பெரிய வேலையைச் சங்கத்தின் தலையில் கட்டக் கூடாது. சங்கம் செய்யக்கூடிய சிறு வேலைக்கு அரசை எதிர்பார்த்து 3 ஆண்டு காத்திருக்கவும் தேவையில்லை.

வேலை முடிந்ததும் கல்வெட்டில் சங்கத்தின் பெயரைப் பொறிக்கட்டும், அதில் தவறில்லை. பெயருக்குக் கீழே, பராமரிப்பது யார் என்று ஊர்க் குழுவின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். வைகாசியில் ஒரு கடிதம், ஆனியில் 10 நிமிடப் பேச்சு, ஆவணியில் 3 நாள் இயந்திர வேலை. இந்த மூன்றும் நடந்த ஊரில், ஐப்பசி மழைத் தண்ணீர் ரோட்டோரப் பள்ளத்தில் வீணாகாமல் கண்மாய்க்குப் போய்ச் சேரும்.